கம்பளிக்குள் மறைந்த கைகள்

தை பிறந்ததிலிருந்து மாதம்மாள் வழிபார்த்துக் கிடந்த அண்ணன் ஒருவழியாக வந்து சேர்ந்தான். வந்தவன் வாசலில் நின்று அவளுடைய மாமனாரிடம் பேசினான். மாமியாரிடம் நலம் விசாரித்தான். கொட்டகையோரம் கட்டியிருந்த கன்றுக்குட்டியைக்கூடத் தடவிக் கொடுத்தான். தங்கையின் முகத்தை மட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மாதம்மாள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னத்தப் பார்த்துக்கிட்டு நிக்கறே? அண்ணனுக்குத் தண்ணி மோந்துட்டு வா" என்றாள் மாமியார் ராமாயி. சொல்லிவிட்டுத் தானும் கூடவே தண்ணீர்ப் பானை வரைக்கும் வந்தாள்.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். ஊற்றுக்குப் போனாலும் கூட வருவாள், விறகுக்குப் போனாலும் கூட வருவாள். கொல்லைப்பக்கம் ஒதுங்கினால்கூடச் சற்றுத் தள்ளி நின்று இருமிக் காட்டுவாள். வைய மாட்டாள், அடிக்க மாட்டாள். ஆனால் தனியாக விட மாட்டாள்.

எல்லாம் போன ஐப்பசியில் தொடங்கியது. அடிவாரத்துச் சேந்தமங்கலம் போய்த் திரும்பிய மாமனார் அர்த்தனாரி, வாசலில் உட்கார்ந்து அந்தச் சேதியைச் சொன்னார். "குழந்தைசாமி போயிட்டானாம். ரோட்டு வேலைக்குப் போன எடத்துல காய்ச்சல் கண்டு போயிட்டானாம்."

குழந்தைசாமி மாதம்மாளின் புருஷன். வெள்ளைக்காரனின் சண்டைக்காக அஸ்ஸாம் பக்கம் ரோடு போட ஆள் எடுத்தபோது, மலைமேல் இந்தப் பைல் நாட்டிலிருந்து போனவர்களில் ஒருவன். சண்டை முடிந்து மற்றவர்கள் ஒவ்வொருவராக மலையேறி வந்தார்கள். அவன் வரவில்லை. வந்தது மாமனாரின் வாய்ச்சேதிதான்.

ராமாயி மண்ணில் விழுந்து புரண்டாள். ஊரே கூடி அழுதது. மாதம்மாளின் தாலியைக் கழற்றினார்கள். அந்த அமளியிலும் மாதம்மாளின் கண்ணில் ஒன்று பட்டுத் தொலைத்தது. மகன் செத்ததைச் சொல்லிக் கொண்டிருந்த மாமனார், யார் முகத்தையும் பாராமல், ஒரு குச்சியால் தன் குதிகாலில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மண் போன பிறகும் சுரண்டிக்கொண்டிருந்தார்.

துக்கத்தில் மனிதர்கள் எதை எதையோ செய்வார்கள் என்று அவள் தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் தை பிறந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. இளையவன் சின்னராசுவுக்கே மாதம்மாளைக் கட்டி வைத்துவிடலாம், பெண்ணும் வெளியே போகாது, நிலமும் பங்காகாது என்றார் மாமனார். "எங்கண்ணன் ஊட்டுக்குப் போறனுங்க" என்று அவள் சொன்ன அன்றிலிருந்து ராமாயி அவளுடைய நிழலானாள். உப்பு விற்க வந்த கிழவியிடம் ரகசியமாகச் சொல்லியனுப்பித்தான் அண்ணனுக்குச் சேதி போனது.

இதோ, அண்ணன் அண்ணாமலை வந்துவிட்டான். இன்று சாயந்திரம் பெரியசாமி கோயில் முன்னால் ஊர் கூடப் போகிறது. கல்யாணத்தை உறுதி செய்ய வெற்றிலைத் தட்டும் வரப் போகிறது.

* * *

அண்ணாமலையும் மாதம்மாளும் பேச்சு வராத தாய்க்குப் பிறந்தவர்கள்.

அவர்களுடைய அம்மாவுக்கு இடி இடித்தால்கூடக் கேட்காது. அந்த வீட்டில் பேச்செல்லாம் கையால்தான். பசிக்கு ஒரு கை, மழைக்கு ஒரு கை, கோபத்துக்கு ஒரு கை. ஒவ்வொரு ஆளுக்கும் அம்மா ஒரு கைப்பெயர் வைத்திருந்தாள். மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று, பலாமரத்திலிருந்து விழுந்து இடது புருவம் பிளந்த வடுவோடு உட்கார்ந்திருந்த குழந்தைசாமியைப் பார்த்து, தன் புருவத்தை விரலால் குறுக்கே கீறிக் காட்டிச் சிரித்தாள். அன்றிலிருந்து அவனுக்கு அதுதான் பெயர்.

அப்படி வளர்ந்ததாலோ என்னவோ, மாதம்மாளுக்கு ஒருவர் வாய் திறப்பதற்கு முன்னால் அவருடைய தோளும் விரலும் பாதமும் கண்ணில் படும். அது ஒரு வரம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. பல நாள் அது தொல்லையாகத்தான் இருந்திருக்கிறது.

அம்மாவுக்குக் கோபம் மிஞ்சிப் போனால் இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொள்வாள். 'உன்னோடு பேச மாட்டேன்' என்று அர்த்தம். பிள்ளைகள் இரண்டும் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழும். அடி வாங்குவதைவிட அது கொடுமை.

இப்போது அண்ணாமலை தோளில் போட்டிருந்த கம்பளியை நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெயில் ஏறிவிட்டது. பனியெல்லாம் எப்போதோ விலகிவிட்டது. அவன் கைகள் இரண்டும் கம்பளிக்குள் இருந்தன.

மாதம்மாள் ராகிக் களியும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட வலது கையை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்தான். குனிந்த தலை நிமிராமல் களியைப் பிட்டுப் பிட்டு விழுங்கினான்.

அவள் குழம்பு ஊற்றும் சாக்கில் அவன் பக்கத்தில் குந்தினாள். இடது கையால், மாமியார் கண்ணுக்குப் படாமல், முழங்காலுக்குப் பக்கத்தில் காட்டினாள்: 'என்னைக் கூட்டிக்கிட்டுப் போ.'

அவன் பார்க்கவில்லை.

இரண்டு விரலால் தரையைத் தட்டினாள். அம்மா வீட்டில் அதற்கு 'என்னைப் பார்' என்று அர்த்தம். தரை அதிர்வதைப் பாதத்தால் உணர்ந்து அம்மா திரும்புவாள்.

அண்ணாமலை நிமிர்ந்தான். ஒரு கணந்தான். கண் கலங்கியிருந்தது. தலையை இம்மியளவு இடமும் வலமும் ஆட்டினான். ஆட்டிவிட்டு மறுபடியும் களியில் புதைந்தான்.

"என்ன புள்ள தரையைத் தட்டிக்கிட்டு இருக்கறே?" என்றாள் ராமாயி.

"எறும்புங்க, அத்தை."

அர்த்தனாரி வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "மாப்பிள்ளைக்கு இன்னொரு உருண்டை வையம்மா. சங்கோசப்படாதீங்க மாப்பிள்ளை. நம்ம சின்னக்கண்ணு உங்க ஊட்டுக்கு வந்துட்டாள்னா அப்புறம் இது உங்களுக்கு மாமனார் ஊடு."

சின்னக்கண்ணு இந்த வீட்டின் கடைசிப் பெண். நெல் குத்திக்கொண்டிருந்தவள் உலக்கையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

மாதம்மாளுக்குப் புரிந்துவிட்டது. போன வருஷம் அண்ணி பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். இரண்டு சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு, வீட்டில் ஒரு பெண் துணையில்லாமல் அண்ணன் அல்லாடிக்கொண்டிருந்தான். அந்த ஓட்டையைத்தான் மாமனார் கண்டுபிடித்து, முன்னாலேயே ஆளனுப்பிப் பேசிக் கை வைத்திருக்கிறார். இங்கே இவள் சின்னராசுவுக்கு. அங்கே சின்னக்கண்ணு அண்ணனுக்கு.

அவனை அவளால் வெறுக்கவும் முடியவில்லை. குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

* * *

உச்சிப்பொழுதுக்கு மிளகு வாங்க ஹபீப் ரஹ்மான் வந்தார். சேந்தமங்கலத்து வியாபாரி. வருஷா வருஷம் பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு மலையேறி வருகிறவர். களத்தில் பாய் விரித்து மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அர்த்தனாரி அவரை அங்கேயே கூட்டிப் போனார்.

மாதம்மாள் வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்து மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். ராமாயி அடுப்பைக் கிளறிக்கொண்டு முதுகைக் காட்டியிருந்தாள். களம் சற்றுத் தள்ளி இருந்தது. பேசுவது காதில் விழாது.

காதில் விழ வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

ஹபீப் ரஹ்மான் ஒரு பிடி மிளகை அள்ளி ஊதிப் பார்த்துவிட்டு என்னவோ கேட்டார். அர்த்தனாரி கையை விரித்தார். வியாபாரிக்கு முகம் மாறியது. புரியாதவர் மாதிரித் தலையைச் சாய்த்தார். பிறகு தன் இடது புருவத்தின் மேல் விரலை வைத்து, குறுக்கே ஒரு கீறு கீறிக் காட்டினார்.

மாதம்மாளின் கையில் முறம் அப்படியே நின்றது.

அவர் இன்னும் ஏதோ சொன்னார். சொல்லிக்கொண்டே வலது காலை விறைப்பாக நீட்டி, முட்டி மடக்காமல் இழுத்து இழுத்து நாலு எட்டு நடந்து காட்டினார். விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், பிறகு வெறுங்கையை விரித்தார். முகவாயால் மலையடிவாரத்தைச் சுட்டினார்.

அர்த்தனாரி பாய்ந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையைக் கீழே இறக்கினார். வீட்டுப்பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

மாதம்மாள் முறத்தைக் குலுக்கினாள். தலை நிமிராமல் குலுக்கிக்கொண்டே இருந்தாள்.

புருவத்தில் வடு இருக்கிறவன். கால் இழுத்து நடக்கிறவன். சோற்றுக்கு இல்லாதவன். கீழே இருக்கிறவன்.

உயிரோடு இருக்கிறவன்.

மறுபடியும் ஓரக்கண்ணால் பார்த்தபோது அர்த்தனாரி வியாபாரியிடம் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். யாரையும் கும்பிட்டு அறியாத மனிதர். ஹபீப் ரஹ்மான் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். பொதியை ஏற்றிக்கொண்டு புறப்படும்போது வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். போனார். அவளைப் பார்த்ததும் நடை தயங்கியது. உதடு பிரிந்தது.

"என்னங்க பாய், மிளகு நல்லாயிருக்குதுங்களா?" என்று ராமாயி உள்ளேயிருந்து வந்தாள்.

"நல்லாயிருக்குதும்மா. நல்லா நெடி ஏறுது" என்றார் அவர். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாட்டை அதட்டினார்.

* * *

பிற்பகலில் ராமாயி அவளை உட்கார வைத்துத் தலை வாரிவிட்டாள். விளக்கெண்ணெய் தொட்டுச் சிக்கு எடுத்தாள். அந்தக் கை அவசரப்படவில்லை, முடியைப் பிடுங்கவில்லை.

"எம்மேல உனக்குக் கோவம். எனக்குத் தெரியாதா?" என்றாள் திடீரென்று. "எம்பட மூத்தவன் போயிட்டான். நீயும் பொறந்த ஊட்டுக்குப் போயிட்டீன்னா அவனுக்குன்னு இந்த ஊட்டுல எனக்கு என்ன கண்ணு மிச்சம்? அதான் புடிச்சு வெச்சிருக்கறேன். பாவமோ புண்ணியமோ."

மாதம்மாள் மெல்லத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். தாடை, கழுத்து, சீப்பைப் பிடித்த விரல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எங்கேயும் ஒளித்து வைத்ததாகத் தெரியவில்லை. இவளுக்குத் தெரியாதோ? பெற்றவளுக்கே தெரியாதோ?

"அத்தை..." என்று ஆரம்பித்தாள்.

வாசலை அடைத்துக்கொண்டு நிழல் விழுந்தது. அர்த்தனாரி நின்றார். "நேரமாச்சு. ஊரு கூடிருச்சு. எந்திரிங்க."

நிலைப்படியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, இருவரும் எழுந்து வெளியே வரும்வரை நகரவில்லை.

* * *

பெரியசாமி கோயில் என்பது ஒரு நட்ட கல்லும் அதைச் சுற்றி நாலு வேலும்தான். கல்லுக்கு இடப்பக்கம் ஆண்கள், தள்ளிப் பெண்கள். ஊர்க்கவுண்டர் நடுவில் ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தார். சின்னராசு தன் அப்பனுக்குப் பின்னால், கழுத்து ஒடிந்தவன் மாதிரித் தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

வெற்றிலைத் தட்டை மாதம்மாளின் முன்னால் வைத்தார்கள். இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் முடிந்தது.

கூட்டத்தில் பெண் வாய் திறக்கக் கூடாது. அவளுக்காக அவள் கூடப்பிறந்தவன் பேசுவான். காலங்காலமாக அதுதான் முறை.

மாதம்மாள் நின்றாள். தலையைக் குனிந்தால் வெட்கத்தில் குனிகிறாள், சம்மதம் என்பார்கள். அழுதால் போனவனை நினைத்து அழுகிறாள், போகப்போகச் சரியாகிவிடும் என்பார்கள். பேசாமல் நின்றால் மௌனமாக ஒத்துக்கொண்டாள் என்பார்கள். ஓடினால் நாலு பேர் பிடித்துக்கொண்டு வந்து, பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடிப்பார்கள். இந்த உடம்பால் அவள் என்ன செய்தாலும் அதற்கு ஒரு அர்த்தத்தை அவர்கள் முன்கூட்டியே தயாராக வைத்திருந்தார்கள்.

"எடுத்துக்கம்மா" என்றார் ஊர்க்கவுண்டர்.

அவள் தட்டைத் தொடவில்லை. அண்ணனைப் பார்த்துத் திரும்பினாள். காலால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். அண்ணாமலை திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

முழங்காலுக்குப் பக்கத்தில் ஒளித்தல்ல. நெஞ்சுக்கு நேராக, ஊர் பார்க்க, கையை உயர்த்திப் பேசினாள். புருவத்தைக் குறுக்கே கீறினாள். உள்ளங்கையை மார்பில் வைத்து இரண்டு தட்டுத் தட்டினாள். கீழே, அடிவாரத்தைக் காட்டினாள். 'எம்புருசன் உயிரோட இருக்கறாரு. கீழே இருக்கறாரு. கேளு.'

கூட்டம் சலசலத்தது. ஊமைச்சியின் மக்கள் கையால் பேசுவார்கள் என்பது ஊருக்குத் தெரிந்ததுதான். ஆனால் அர்த்தம் தெரிந்தவன் ஒருவனே.

"என்னப்பா சொல்றா உந்தங்கச்சி?" என்றார் ஊர்க்கவுண்டர்.

அண்ணாமலையின் முகத்தில் ரத்தமே இல்லை. அவனுக்கும் இது புதுச் சேதி என்பது மாதம்மாளுக்கு உடனே தெரிந்தது. கண் அகன்றது; வாய் கோணியது. அவன் அர்த்தனாரியைப் பார்த்தான். பெண்கள் பக்கம் நின்ற சின்னக்கண்ணுவைப் பார்த்தான். கம்பளிக்குள் கைகள் ஒன்றையொன்று பிசைவது மேலே தெரிந்தது.

"என்னப்பா?"

"சம்மதம்னு சொல்றாளுங்க" என்றான்.

அம்மா இருந்த காலத்தில் அவளுடைய கைப்பேச்சை அக்கம்பக்கத்துக்கு எடுத்துச் சொல்வது அண்ணாமலையின் வேலை. ஒரு சொல்லைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. அம்மா யாரையாவது ஏசினால் அந்த ஏச்சையும் அப்படியே சொல்லிவிட்டு அடி வாங்குவான். அவனுடைய வாயிலிருந்துதான் இந்தச் சொல் வந்தது.

மாதம்மாளுக்கு ஒரு கணம் காது அடைத்துப்போயிற்று. பெண்கள் பக்கத்தில் யாரோ குலவையிட வாயைக் குவித்தார்கள்.

"பொய்யுங்க!"

அது தன் குரல்தான் என்று அவளுக்கே பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"வாயை மூடு புள்ள" என்று எவரோ அதட்டினார்கள். "கூட்டத்துல பொம்பளை பேசறதாவது!"

"பேசாம இருந்தால் எங்கையைப் பொய்யாக்கிப் போடறாங்க. அதனாலதான் பேசறனுங்க." அவள் நிறுத்தவில்லை. "எம்புருசன் சாகலீங்க. கால் வெளங்காம அடிவாரத்துல கெடக்கறாரு. இன்னிக்கு மிளகு வாங்க வந்த பாய் எம்மாமங்கிட்டச் சொன்னாரு. எங்கண்ணால பார்த்தனுங்க."

"கண்ணால பார்த்தயா, காதால கேட்டயா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"பார்த்தனுங்க. சொல்றதை ஆளு கையால காட்டினால் நான் பார்த்துத் தெரிஞ்சுக்குவனுங்க."

சிலர் சிரித்தார்கள். ஊர்க்கவுண்டர் சிரிக்கவில்லை. வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் துப்பிவிட்டு அர்த்தனாரி பக்கம் திரும்பினார்.

"இதுல என்ன கஷ்டம் இருக்குது, அர்த்தனாரி? பெரியசாமி கல்லு மேல கையை வெச்சு எம்மவன் செத்துட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு. புள்ள வாயை மூடிக்கும். வெத்தலையை மாத்திக்கலாம்."

அர்த்தனாரி எழுந்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கல்லை நோக்கி நடந்தார். கையை நீட்டினார்.

கை கல்லின் மேல் இறங்கவில்லை.

ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை முயன்றார். கை இறங்குவதுபோல் வந்து, சூடு பட்டதுபோல் பின்வாங்கியது. அந்த மனிதரின் முதுகு ஒரே நாளில் கிழடு தட்டியது போலக் கூனியிருந்தது.

அதைப் படிக்க ஊமைத் தாய் வயிற்றில் பிறந்திருக்க வேண்டியதில்லை. கோயில் முன்னால் இருந்த அத்தனை பேரும் படித்தார்கள். குலவையிட வாயைக் குவித்தவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ம்" என்றார் ஊர்க்கவுண்டர். பலகையிலிருந்து எழுந்தார். "விடிஞ்சதும் நம்ம ஆளுங்க ரெண்டு பேரு அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி போயி விசாரிச்சுட்டு வரட்டும். அதுவரைக்கும் தட்டை எடுங்க."

"அதுவரைக்கும் நானுங்க?" என்றாள் மாதம்மாள்.

"எங்கே இருக்கறயோ அங்கேயே இரு. அது உம்பட ஊடுதானே?"

அவள் அண்ணனைத் தேடினாள். கம்பளியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல், வந்த வழியே மேட்டில் ஏறிக்கொண்டிருந்தான்.

அந்தப் பக்கம் பார்த்த கண் திரும்பியபோது இன்னொன்றும் தட்டுப்பட்டது. கலைகிற கூட்டத்துக்கு நடுவில் அர்த்தனாரி சின்னராசுவின் காதோரம் குனிந்தார். முகவாய் ஒருமுறை மலைச் சரிவின் பக்கம் அசைந்தது. சின்னராசு வேண்டாம் என்று தலையாட்டினான். அப்பனின் கை அவன் பிடரியைப் பற்றி அழுத்தியது. அவன் நகர்ந்து இருட்டத் தொடங்கிய காப்பிச் செடிகளுக்குள் புகுந்தான்.

* * *

ராமாயி மாதம்மாளை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். சின்னக்கண்ணு அழுதுகொண்டே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். விளக்கை ஏற்றி மாடத்தில் வைத்துவிட்டு, ராமாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பாய் எப்படிக் காட்டினாரு?"

"வலது காலு முட்டி மடங்காம..."

"வாயால சொல்லாத. நடந்து காட்டு."

மாதம்மாள் நடந்தாள். காலை விறைப்பாக நீட்டி, இழுத்து, இடுப்பை ஒடித்து, அடுப்படியிலிருந்து தானியக் குதிர் வரைக்கும் நடந்தாள். யாரோ ஒரு வியாபாரி நடித்துக் காட்டிய நடை. ஆனால் நடக்க நடக்க, அதற்குள் குழந்தைசாமியின் தோள் சாய்வு தானாக வந்து சேர்ந்துகொண்டது. குதிரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

ராமாயி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலின்னு மூஞ்சியைச் சுளிச்சாரா?"

"இல்லீங்க அத்தை."

"சோறு?"

மாதம்மாள் தயங்கினாள். பிறகு விரலைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், வெறுங்கையை விரித்தாள்.

அந்தக் கையைப் பார்த்ததும் ராமாயி எழுந்துவிட்டாள். பானையில் கை விட்டு ராகி மாவை அள்ளி முந்தானையில் கொட்டினாள். கருப்பட்டித் துண்டு ஒன்றைத் தேடி எடுத்தாள். அவசரத்தில் பாதி மாவு தரையில் சிந்தியது.

"செத்தவனுக்கு மூணு மாசமா படையல் வெச்சேன் புள்ள. உசுரோட இருக்கறவன் பட்டினி கெடந்திருக்கறான். காலு வெளங்காதவன் நெலத்துக்கு ஆவ மாட்டான்னு உங்க மாமன் செத்தவனாக்கிப் போட்டாரு. கெளம்பு."

"இப்பவேங்களா?"

"விடிஞ்சு ஊரு ஆளு போற வரைக்கும் நான் உக்காந்திருப்பனா? கெளம்பு கண்ணு."

"அத்தை, ஒண்ணு சொல்லோணும். கோயில்ல மாமா சின்னராசுகிட்ட என்னவோ சொன்னாருங்க. முகவாயால கீழே காட்டினாரு. சின்னராசு மாட்டேன்னு தலையாட்டினாரு. அப்புறம் போயிட்டாரு."

முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த ராமாயியின் விரல் நின்றது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினாள்.

கதவு அசையவில்லை. மறுபடியும் தோள் கொடுத்துத் தள்ளினாள். வெளியே கட்டை போட்டிருந்தது.

மருமகளை இத்தனை நாளாகக் கண்ணுக்குள் வைத்துக் காவல் காத்தவள், கதவின் இந்தப் பக்கம் அவளோடு நின்றாள்.

"தொறங்க" என்றாள். தட்டினாள். "ஏனுங்க, கதவைத் தொறங்க."

வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். கேட்டுப் பழகிய செருமல்.

ராமாயி இரண்டு உள்ளங்கையாலும் கதவை அறைந்தாள். தாலி ஏறிய நாளிலிருந்து அவள் நாவில் வராத பெயரை, அடுத்த வீட்டு வளவு வரைக்கும் கேட்கும்படி கூவினாள்:

"டேய் அர்த்தனாரி! எம்மவனை என்ன பண்ணச் சொல்லி ஆளனுப்பியிருக்கறே?"

மாதம்மாள் குனிந்து கதவிடுக்கில் பார்த்தாள். விளக்கு வெளிச்சம் விழுந்த கீற்றில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. அந்தப் பெயரைக் கேட்டதும் அவை ஒரு எட்டுப் பின்னால் போயின. பிறகு அங்கேயே நின்றன.